அறுபத்தைந்தரை செக்கன்

தயானியின் விடைத்தாளில் பதினேழாம் கேள்விக்குச் சிவப்புப் பேனையால் பிழை போட்டவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அவளுக்காகப் பரிந்து பேசும் ஒரு நல்ல மனிதர் இதை எழுதுகிறார் என்று நினைத்துவிடுவீர்கள்.

என் பெயர் தர்மராசா. ஊர் சாவகச்சேரி. எண்பத்து நான்கில் அரசாங்க எழுதுவினைஞனாகப் பதுளைக்கு வந்தேன். ஊரில் சண்டை, இங்கே மழை. இரண்டில் மழை பரவாயில்லை என்று இருந்துவிட்டேன். அரசாங்கத்தில் ஓய்வு கொடுத்த பிறகு, தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கணினி படிப்பிக்கும் திட்டம் ஒன்றில் ஒப்பந்த வேலை கிடைத்தது. வெளிநாட்டு உதவி, கொழும்பில் தலைமை, பதுளையில் ஒரு கடையின் மேல்மாடியில் மூன்று அறைகள். கோப்பு, கடிதம், சாவிக்கொத்து மூன்றும் என் பொறுப்பு. ஒப்பந்தம் வருடத்துக்கு வருடம் புதுப்பிக்கப்படும். அந்தப் புதுப்பித்தல்தான் இந்தக் கதையில் என் பங்கு. அதைப் பிறகு சொல்கிறேன்.

தயானி தெமோதரைக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். தகப்பன் அவளுடைய சின்ன வயதிலேயே இறந்துவிட்டார். தாய் பெரியாயி தேயிலைக் கொழுந்து எடுப்பவள். பெரியாயிக்கு எழுத்து வாசனை கிடையாது. ஆனால் கூடையைத் தூக்கிப் பார்த்தே எத்தனை கிலோ என்று சொல்லிவிடுவாள். அந்தத் திறமையால் அவளுக்கு ஒரு பயனும் இருந்ததில்லை. தோட்டத்தில் எடை என்பது கூடையில் இருப்பது அல்ல, கணக்கப்பிள்ளை வாயில் வருவது.

கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் ஒரு வழக்கம் இருந்தது. தண்ணிக்கு இரண்டு கிலோ, சாக்குக்கு ஒரு கிலோ என்று ஒவ்வொருத்தியின் எடையிலும் மூன்று கிலோவைக் கழித்துவிடுவார்கள். மழைக்காலத்தில் இலையில் ஈரம் இருக்கும், சரி. வெயில் எரிக்கிற மார்ச் மாதத்திலும் தண்ணிக்கு இரண்டு கிலோ போகும். அந்தத் தண்ணீர் எங்கே இருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. பதினைந்து கிலோ தேறினால் முழுப்பேர், அதாவது ஒரு நாள் வேலை. தேறாவிட்டால் அரைப்பேர். காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்கு நின்று, மலை ஏறி, மாலை வரை கொழுந்து ஒடித்தவளுக்கு அரை நாள்.

தொண்ணூற்றாறில் தயானிக்குப் பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடம் விட்டு நேரே மடுவத்துக்குப் போய் அம்மாவுக்குப் பக்கத்தில் நிற்பாள். ஒருநாள் தராசு முள் பதினெட்டில் நின்றது. கணக்கப்பிள்ளை 'பதினாலு' என்று எழுதினார்.

"பதினெட்டுல மூணு போனா பதினஞ்சுங்க," என்றாள் தயானி.

கணக்கப்பிள்ளை அடுத்த சாக்கை மாட்டச் சொன்னார். ஆனால் தோட்டத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு. எடையில் சந்தேகம் என்றால் தொழிற்சங்கத் தலைவரை வைத்துக்கொண்டு எல்லோர் முன்னாலும் மறுபடி நிறுக்கச் சொல்லிக் கேட்கலாம். அதற்கு மறுநிறுவை என்று பெயர். பெரியாயி கேட்டாள். தலைவர் மேல் கணக்கில், அதாவது தோட்டத்தின் மேற்பிரிவில், ஏதோ பஞ்சாயத்தில் இருந்தார். அவர் இறங்கி வர இரண்டு மணித்தியாலம் ஆயிற்று. அந்த நேரம் முழுக்கச் சாக்கு வெயிலில் கிடந்தது. மறுபடி மாட்டியபோது முள் பதினேழில் நின்றது. மூன்று கழிந்தால் பதினாலு. கணக்கப்பிள்ளை சொன்னதுதான் சரி என்று ஆயிற்று. தலைவர்கூடச் சிரித்தாராம்.

பறித்த கொழுந்து வைத்திருக்க வைத்திருக்க வாடும், எடை குறையும். இது தோட்டத்தில் தவழும் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். ஆத்திரத்தில் தாயும் மகளும் அதை மறந்துவிட்டார்கள். மறுநிறுவை கேட்கிறவள் எப்போதும் தோற்பாள் என்று பெரியாயி அன்றைக்குக் கற்றுக்கொண்டாள். மகள் கற்றுக்கொள்ளவில்லை.

தயானிக்குக் கணக்கு என்றால் உயிர். சாதாரண தரத்தில் கணிதத்துக்கு ஏ எடுத்தாள். உயர்தரத்தில் கணிதப் பிரிவு படிக்க ஆசைப்பட்டாள், அவளுக்கு எட்டிய பள்ளிக்கூடத்தில் அதைத் தமிழில் படிப்பிக்க ஆள் இல்லை. கலைப்பிரிவில் போட்டார்கள். கணக்குப் பிள்ளையைக் கொண்டுபோய் நாட்டியமும் இந்து நாகரிகமும் படிக்க வைத்தார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது இதுதான்.

படிப்பு முடிந்து பதுளை பஜாரில் ஜுனைதீன் முதலாளியின் தொலைத்தொடர்புக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். போன் பேசுவது, போட்டோப் பிரதி, ஒரு மூலையில் இரண்டு கணினிகள். அங்கே சவூதியில் இருக்கும் பெண்டாட்டியின் படத்தை இறக்கிப் பார்க்க வருகிறவர்கள், "எவ்வளவு நேரம் எடுக்கும் தங்கச்சி?" என்று கேட்பார்கள். இவள் ஒரு தாளில் கணக்குப் போட்டுச் சொல்வாள். சொன்ன நேரத்தைவிட எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே எடுக்கும். வேறு யாராக இருந்தாலும் லைன் சரியில்லை என்று விட்டிருப்பார்கள். இவள் மடுவத்தில் வளர்ந்தவள். எங்கேயோ யாரோ கழிக்கிறார்கள் என்று தேடத் தொடங்கினாள்.

தேடிக் கண்டும் பிடித்தாள். கணினியில் கிலோ என்பதற்கு இரண்டு அளவு இருக்கிறது. கணினிக்குள் எல்லாம் இரண்டிரண்டாய்ப் பெருகும். இரண்டு, நான்கு, எட்டு என்று போய் ஆயிரத்துக்குக் கிட்ட வரும்போது 1024 ஆகிவிடும். கோப்பைச் சேமிக்கிறவர்கள் அதையே கிலோ என்றார்கள். கம்பியில் அனுப்புகிறவர்களுக்கு அந்தப் பெருக்கம் இல்லை. அவர்களுடைய கிலோ சாதாரண ஆயிரம். போதாததற்குக் கோப்பை அளப்பது பைட்டில், கம்பியை அளப்பது பிட்டில், ஒரு பைட்டுக்கு எட்டு பிட். பெரிய தராசில் நிறுத்து வாங்கியதைச் சின்னத் தராசில் நிறுத்துக் கொடுப்பது போல என்றுதான் அவள் எனக்கு விளக்கினாள். ஆனால் அந்த விளக்கம் எனக்குக் கிடைத்தபோது நான் பிழை போட்டு முடித்திருந்தேன்.

இரண்டாயிரத்து நான்கில் எங்கள் திட்டம் பசறையில் ஒரு கணினி நிலையம் திறந்தது. பயிற்றுநர் பதவி ஒன்று. நிலையத்தோடு சேர்ந்தாற்போல் இரண்டு அறை விடுதியும் உண்டு. நாற்பத்து மூன்று பேர் எழுத்துப் பரீட்சை எழுதினார்கள். மற்ற நாற்பத்திரண்டு பேருக்கும் அது ஒரு வேலை. தயானிக்கு அது அம்மாவை மலையில் இருந்து இறக்குகிற வழி. பெரியாயிக்கு அப்போதே முழங்கால் வீக்கம். லயத்தை விட்டுவிட்டு மகளோடு அந்த இரண்டு அறையில் வந்து இருந்துவிடலாம் என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள்.

கேள்வித்தாளைத் தயாரித்தவர் எங்கள் பணிப்பாளர் சதீசன். கொழும்பில் படித்த, முப்பது வயதுப் பொடியன். கெட்டவன் அல்ல. பதினேழாம் கேள்வி இதுதான்: ஒரு மெகாபைட் கோப்பு, செக்கனுக்கு 128 கிலோபிட் வேகமுள்ள இணைப்பில் இறங்க எத்தனை செக்கன் எடுக்கும்? மூன்று புள்ளிகள். அவர் தந்த விடை 64.

தயானி 65.5 என்று எழுதியிருந்தாள். ஓரத்தில் செய்கையும் இருந்தது. ஒரு மெகாபைட் என்றால் 1,048,576 பைட். எட்டால் பெருக்கினால் 8,388,608 பிட். அதை 128,000ஆல் வகுத்திருந்தாள். பக்கத்தில் 'கோப்புக்கு கிலோ 1024, கம்பிக்கு கிலோ 1000' என்று ஒரு குறிப்பு. ஒரே கிலோ எப்படி இரண்டாகும் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. பிழை போட்டேன்.

கேசினி என்ற பிள்ளைக்கு 81 புள்ளி. தயானிக்கு 79.

கேசினியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவளுடைய தகப்பன் எங்கள் ஊர்ப்பக்கத்து ஆள், என் மனைவி லீலாதேவியோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவர். நல்ல பிள்ளை, கெட்டிக்காரி. அவள் 64 என்று எழுதியிருந்தாள். இருவருடைய தாள்களையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் புள்ளிகளோடு பெயர்ப்பட்டியலையும் சதீசன் தந்த விடைகளையும் வாசலில் ஒட்டினேன்.

அடுத்த நாள் காலையிலேயே தயானி வந்துவிட்டாள். கையில் இரண்டு சாமான். ஒன்று, கடையில் இருந்த மோடத்தின் பெட்டி மூடி. அதில் 56K என்று பெரிதாகவும், கீழே பொடி எழுத்தில் செக்கனுக்கு 56,000 பிட் என்றும் அச்சடித்திருந்தது. மற்றது, கணினித் திரையில் இருந்து அச்செடுத்த ஒரு தாள். அதில் 1.00 MB என்று போட்டு, அடைப்புக்குள் 1,048,576 பைட் என்று இருந்தது.

"சேர், ரெண்டையும் பாருங்க," என்றாள் சதீசனிடம். "ஒண்ணுல கிலோன்னா ஆயிரம். மத்ததுல ஆயிரத்து இருவத்தி நாலு. நான் எழுதுனது சரிங்க சேர்."

சதீசன் மூடியைப் புரட்டிப் பார்த்தார். "தங்கச்சி, கம்பியூட்டரில கிலோ எண்டால் 1024. எல்லாப் புத்தகத்திலயும் அப்படித்தான் இருக்கு. இது பெட்டிக்காரன் விளம்பரத்துக்குப் போட்டது."

"அப்ப நிறுத்துக் காட்டுங்க சேர்."

அவருக்கு விளங்கவில்லை. எனக்கும்தான்.

"இங்க 128 லைன் இருக்குல்ல? ஒரு மெகாபைட் கோப்பை இறக்குங்க. நான் மணிக்கூடு பாக்குறேன். அறுவத்தி நாலுல முடிஞ்சா நான் எந்திரிச்சுப் போயிடுறேன்."

சதீசனுக்கு அது பிடித்துவிட்டது. விளையாட்டுப் போல இருந்திருக்கும். மறுநாள் பத்து மணிக்கு வரச் சொன்னார்.

அன்று மாலை ஜுனைதீன் முதலாளி அவளிடம், "என்னத்துக்குப் புள்ள உனக்கு இந்த வேல? நுணலும் தன் வாயால கெடும். ரெண்டு மார்க்குலதான் தவறிட்டேன்டு சொல்லிக் கேட்டா அடுத்த தடவ தருவாங்க," என்றாராம். வீட்டில் தாயும் அதையேதான் சொன்னாள், வேறு மாதிரி.

"மறுநிறுவை கேக்காதடி. மடுவத்துல பாத்தேல்ல?"

"அம்மா, அது கொழுந்து. இது வாடாது."

"எதுவும் வாடும். நிக்க வச்சா எதுவும் வாடும்."

இதெல்லாம் பெரியாயி சொல்லித்தான் எனக்குத் தெரியும். மறுநாள் ஒரு நாள் பேரை விட்டுவிட்டு அவளும் மகளோடு வந்திருந்தாள். மாடிப்படி ஏற முழங்கால் விடவில்லை, ஒவ்வொரு படியாக உட்கார்ந்து ஏறினாள். வாசலில் கிடந்த மர வாங்கில் உட்கார்ந்துகொண்டு, சதீசன் வரும்வரை மடுவத்துக் கதை முழுவதையும் சொன்னாள். வந்திருந்த நோக்கம் மகளைக் கூட்டிக்கொண்டு போவது. மகள் அசையவில்லை.

பத்தே காலுக்குத் தொடங்கினோம். கொழும்பு அலுவலகத்தில் இருந்து சரியாக ஒரு மெகாபைட் கோப்பு. தயானி கையில் ஜுனைதீன் முதலாளியின் கைக்கடிகாரம், சதீசன் கையில் அவருடையது. மற்றக் கணினிகள் எல்லாவற்றையும் நானே நிறுத்தினேன். பச்சைக் கோடு மெல்ல நகர்ந்தது. அறுபத்து நான்கில் முடியவில்லை. தயானி என்னைப் பார்த்துச் சிரித்தாள். அறுபத்தைந்தரையிலும் முடியவில்லை. அந்தச் சிரிப்பு அப்படியே நின்றது. எழுபத்து மூன்றாம் செக்கனில் கோப்பு வந்து சேர்ந்தது.

மறுபடி செய்தோம். எழுபத்து நான்கு. மூன்றாம் தடவை எழுபத்து மூன்று.

சதீசன் சிரித்தார். குரூரமாக அல்ல, உண்மையாகவே சிரிப்பு வந்துதான் சிரித்தார். "உங்கட கணக்கும் பிழை, என்ர கணக்கும் பிழை. ரெண்டும் பிழையெண்டால் ஏன் விடையை மாத்துவான்?"

தயானிக்கு உடனே பதில் தெரிந்திருந்தது, அதுதான் பரிதாபம். "சேர், கோப்பு ஒரே கட்டா வராது. சின்னச் சின்னப் பொதியா உடைச்சு, ஒவ்வொண்ணுலயும் விலாசம் போட்டுத்தான் அனுப்பும். கடுதாசிக்கு உறை மாதிரி. அந்த உறையும் லைன்ல எடம் புடிக்கும். அதை நேத்து நான் யோசிக்கல. அதனாலதான் கூடுது. ஆனா கணக்கு..."

வாங்கில் இருந்து பெரியாயி கேட்டாள். "அப்ப சாக்குக்கும் கழிச்சிட்டாங்களா?"

தயானி கடிகாரத்தைக் கைக்குட்டையில் சுற்றி வைத்துக்கொண்டு தாயைக் கைபிடித்து இறக்கிக்கொண்டு போனாள். இறங்குவதற்கு ஏறியதைவிட அதிக நேரம் எடுத்தது.

இதோடு முடிந்திருந்தால் அறியாமை என்று சொல்லித் தப்பியிருப்பேன். அன்று பிற்பகல் அந்த 128 லைனுக்கு நாங்கள் செய்துகொண்ட ஒப்பந்தக் கோப்பை எடுத்துப் பார்த்தேன். கோப்பில் போட்டு நூல் கட்டியவனே நான்தான், வாசித்ததில்லை. ஏழாம் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு: இந்த ஒப்பந்தத்தில் ஒரு கிலோபிட் என்பது ஆயிரம் பிட்டைக் குறிக்கும்.

அவள் எழுதியது சரி. அந்த மூன்று புள்ளியைக் கொடுத்தால் அவளுக்கு 82. கேசினிக்கு அதே மூன்று குறைந்தால் 78.

கோப்பைத் தூக்கிக்கொண்டு சதீசனிடம் போனேன். வாசித்தார். இரண்டாம் தரமும் வாசித்தார். காது சிவந்தது.

"அண்ணை, இனி என்ன செய்யிறது?" என்றார். "கேசினியின்ர கடிதம் ரைப் பண்ணியாச்சு. கொழும்புக்குப் பேரும் அனுப்பியாச்சு. இப்ப விடை பிழையெண்டு சொன்னால் நாப்பத்து மூண்டு தாளையும் திரும்பத் திருத்த வேணும். பேப்பர் செய்தவன் ஆர் எண்டு கேப்பாங்கள். அடுத்த மாதம் எல்லாற்ற ஒப்பந்தமும் புதுப்பிக்க வருது. உங்கடயும்தான்."

கடைசி வார்த்தையை அவர் மிரட்டலாகச் சொல்லவில்லை. தகவலாகத்தான் சொன்னார். எனக்கு அது போதுமாக இருந்தது.

கோப்பைத் திரும்பக் கொண்டுபோய் அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். கேசினியின் கடிதத்தில் முத்திரை ஒட்டித் தபாலில் போட்டதும் நான்தான். அன்று வீட்டுக்குப் போனபோது லீலாதேவி, "கேசினிக்குக் கிடைச்சிட்டுதாமே, நல்லது," என்றாள். நான் "ஓம்" என்றேன். எங்கள் ஆள் என்பதற்காக நான் வாய் திறக்காமல் இருக்கவில்லை என்று மூன்று வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது அதை அவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டேன். தோட்டத்துப் பிள்ளைக்கு அவ்வளவு தெரிந்திருக்காது என்று நினைத்துத்தானே அந்தக் குறிப்பைப் பார்த்துச் சிரித்தேன்? கேசினி எழுதியிருந்தால் ஒரு புத்தகத்தையாவது புரட்டிப் பார்த்திருப்பேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது. வெட்கப்பட்டு யாருக்கு என்ன பயன் என்பது வேறு.

என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. சதீசன் பதவி உயர்ந்து கொழும்புக்குப் போனார். பெரியாயி இன்னும் இரண்டு வருடம் மலை ஏறினாள். முழங்கால் மோசமாகி அரைப்பேருக்கு விழுந்தாள், பிறகு அதுவும் இல்லாமல் லயத்து அறையில் இருந்துவிட்டாள். தயானி ஜுனைதீன் முதலாளியின் கடையிலேயே இருந்தாள். காலை ஆறரைப் பஸ்ஸில் வருவாள், மாலை ஆறு மணிப் பஸ்ஸில் போவாள். அம்மாவுக்குச் சமைத்து வைத்துவிட்டு வந்து, திரும்பப் போய்ச் சமைக்க வேண்டும். அவளைப் பெண் பார்க்க வந்த ஒரு குடும்பம், தாயும் கூட வருவாளா என்று கேட்டுவிட்டுப் போனதாகக் கேள்விப்பட்டேன்.

கேசினி ஒருநாள் கடைக்குப் போய், பாடம் எடுக்கும்போது பிட்டுக்கும் பைட்டுக்கும் பிள்ளைகள் குழம்புகிறார்கள், எப்படி விளங்கப்படுத்துவது என்று தயானியிடம் கேட்டாளாம். தயானி அரை மணித்தியாலம் இருந்து சொல்லிக் கொடுத்தாளாம். நடந்தது எதுவுமே கேசினிக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதற்கு ஏற்பாடு செய்தவன் நான்.

இரண்டாயிரத்து ஏழில் திட்டம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சான்றிதழ்ப் பரீட்சை ஒன்று வைத்தது. கொழும்பில் இருந்து கேள்வித்தாள் முத்திரையிட்டு வந்தது. பழைய கேள்விகளையே மாற்றிப் போட்டிருந்தார்கள். மாதிரி வினாத்தாளும் விடைகளும் கொண்ட ஒரு சிறு புத்தகமும் அச்சடித்து எல்லா நிலையங்களுக்கும் அனுப்பியிருந்தார்கள். ஒன்பதாம் பக்கத்தில் அந்தக் கேள்வி. விடை: 64. மூவாயிரம் பிரதி.

பரீட்சைக்கு இரண்டு நாள் முன்னால் அலுவலகத்துப் போட்டோப் பிரதி இயந்திரம் பழுதாகிவிட்டது. அனுமதி அட்டைகளைப் பிரதி எடுக்க நான் ஜுனைதீன் கடைக்குப் போனேன். மூன்று வருடமாக அந்தப் பக்கம் போகாமல் சுற்றிப் போய்க்கொண்டிருந்தவன் நான். அன்றைக்கு மழை, வேறு கடையும் திறந்திருக்கவில்லை.

உள்ளே நான்கு பெண்பிள்ளைகள் தயானியைச் சுற்றி நின்றார்கள். லுணுகலைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகள், சீருடை நனைந்திருந்தது. மேசையில் அந்தச் சிறு புத்தகம் ஒன்பதாம் பக்கத்தில் திறந்து கிடந்தது. தயானி கொஞ்சம் மெலிந்திருந்தாள்.

"அக்கா, அன்னைக்கு நீங்க லைனுக்குக் கிலோன்னா ஆயிரம்னு சொல்லிக் குடுத்தீங்கல்ல? அப்படிப் போட்டா அறுவத்தஞ்சரை வருது. புத்தகத்துல அறுவத்தி நாலுன்னு இருக்கு," என்றாள் ஒருத்தி.

"பரீட்சைல அறுவத்தி நாலுன்னே எழுதுங்க."

"அப்ப அறுவத்தஞ்சரை பிழையாக்கா?"

தயானி தலையை நிமிர்த்தியபோது வாசலில் குடையை மடக்கிக்கொண்டு நின்ற என்னைக் கண்டாள். அடையாளம் தெரிந்துகொண்டாள். கோபம் ஏதாவது வரும் என்று பார்த்தேன், கோபம் இருந்தால் எனக்கும் வசதியாக இருந்திருக்கும். அவள் எழுந்து நின்று எனக்குக் கதிரையை இழுத்துப் போட்டாள். பிறகு பிள்ளைகளைப் பார்த்து, "இந்த சேர்தான் தாள் திருத்துறவங்க. அவங்ககிட்டயே கேளுங்க," என்றாள்.

நான்கு பிள்ளைகளும் என் பக்கம் திரும்பினார்கள்.

"அறுவத்தி நாலுதானே சேர் சரி?" என்றாள் தயானி.

நான் "ஓம், சரி" என்றேன். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள்.